மாதவிடாய்க்கு முந்தைய வாரத்துக் கனவுகள்

பெண்கள் நலம்: வாசகர் கேள்வி – மருத்துவர் பதில்

கனவுகளைப் பற்றி வரும் கடிதங்களை இப்பகுதியில் நான் பொதுவாக எடுத்துக்கொள்வதில்லை. அவற்றுள் பெரும்பாலானவை பலன் கேட்டு வருபவை. பலன் சொல்லும் தகுதி எனக்கில்லை. அண்மையில் வந்த சில கடிதங்களோ பலனை விட்டுக் காரணத்தைக் கேட்கின்றன. மாதவிடாய்ச் சுழற்சிக்கும் கனவுக்கும் தொடர்பு உண்டா என்பதே அவற்றின் பொதுவான கேள்வி. எனவே இந்த இதழின் பக்கங்களை அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 29. மாதவிடாய் வருவதற்கு ஐந்தாறு நாட்களுக்கு முன்பிருந்தே கனவுகள் மிகத் தெளிவாகவும் கலக்கம் தருபவையாகவும் வருகின்றன. தேர்வு அறைக்குத் தாமதமாகப் போய் நிற்பது, பேருந்து நிலையத்துக் கூட்டத்தில் குழந்தையைத் தொலைத்துவிட்டுத் தேடுவது என்று ஒவ்வொரு மாதமும் ஏதாவது ஒன்று. உதிரப்போக்கு தொடங்கி இரண்டு நாட்களில் எல்லாம் ஓய்ந்துவிடுகிறது. இது என் மனப்பிரமையா, ஹார்மோன்களின் வேலையா?
— திருச்சி வாசகி

மனப்பிரமை என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால் ஹார்மோன் நேரே கனவை உண்டாக்குகிறது என்று எண்ணுவதும் பொருந்தாது. ஹார்மோன்கள் உறக்கத்தை மாற்றுகின்றன. உறக்கம் மாறும்போது, இரவில் வரும் பல கனவுகளில் எவை காலையில் நினைவில் நிற்கின்றன, எவ்வளவு அழுத்தமாக நிற்கின்றன என்பதும் மாறுகிறது. இந்த இடைப்படியை மறந்துவிடுவதால்தான் இதைப் பற்றிய பேச்சில் பாதி குழப்பம் வருகிறது.

முதலில் சுழற்சியைப் பார்ப்போம். உதிரப்போக்கு தொடங்கும் நாளை முதல் நாளாகக் கொண்டால், 28 நாள் சுழற்சி உள்ள பெண்ணுக்கு ஏறத்தாழ 14ஆம் நாளில் சினைமுட்டை வெளிப்படுகிறது. அதுவரை ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் படிப்படியாக உயர்ந்துகொண்டிருக்கும். புரோஜெஸ்டிரோன் என்ற மற்றொரு ஹார்மோனோ இரத்தத்தில் மிகச் சொற்பமாகவே இருக்கும். முட்டை வெளியேறிய பின் சினைப்பையில் எஞ்சும் திசு புரோஜெஸ்டிரோனைச் சுரக்கத் தொடங்குகிறது. அது ஏறக்குறைய ஒரு வாரத்தில் உச்சத்தை எட்டி, கருத்தரிக்காத நிலையில் கடைசி நான்கைந்து நாட்களில் வேகமாகச் சரிகிறது. இந்தச் சரிவுதான் கருப்பையின் உட்படலத்தை உதிரச் செய்கிறது. 21 முதல் 35 நாட்கள் வரையிலான சுழற்சிகள் யாவும் இயல்பானவையே. நீளத்தில் வரும் வேறுபாடு பெரும்பாலும் முதல் பாதியில்தான் நிகழும். முட்டை வெளிப்பட்டதற்குப் பிந்தைய பாதி ஏறத்தாழ இரண்டு வாரமாகவே இருக்கும். ஆகவே நீங்கள் கலங்கும் நாட்கள் எவை என்று அறிய, சென்ற மாதவிடாயிலிருந்து முன்னோக்கி எண்ணாமல், வந்த மாதவிடாயிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்.

இனி, இந்த ஏற்ற இறக்கம் மூளைக்குள் என்ன செய்கிறது என்று காண்போம். புரோஜெஸ்டிரோனின் ஒரு பகுதி உடலுக்குள்ளேயே அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறுகிறது. மூளையின் பரபரப்பை அடக்கும் காபா ஏற்பிகளில் அது செயல்படுகிறது. டயஸிபாம் போன்ற தூக்க மருந்துகள் செயல்படுவதும் இதே ஏற்பிகளில்தான். இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. இதே பொருளைச் சிரை வழியாகச் செலுத்தும் மருந்தாக்கி, மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்குத் தருவதற்கு அமெரிக்கா 2019-இல் ஒப்புதல் அளித்தது. முட்டை வெளிப்பட்ட பின்வரும் வாரத்தில் சில பெண்கள் பகலிலும் தூக்கக் கலக்கமாக இருப்பதாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம். கடைசி நாட்களில் அந்த இயற்கை மயக்கமருந்து திடீரென்று குறைகிறது. நெடுநாள் எடுத்த தூக்க மாத்திரையைச் சட்டென்று நிறுத்தியவருக்கு உறக்கம் எப்படி மேலோட்டமாகி, அடிக்கடி கலைகிறதோ, அதன் மெல்லிய வடிவமே மாதவிடாய்க்கு முன்பு நிகழ்கிறது என்று கருதப்படுகிறது.

இத்துடன் வெப்பமும் சேர்கிறது. சினைமுட்டை வெளிப்பட்ட பின் உடல் வெப்பம் 0.3 முதல் 0.5 டிகிரி செல்சியஸ் வரை உயர்கிறது. குழந்தைக்காகக் காத்திருக்கும் பெண்களைக் காலையில் வெப்பமானி வைத்துக் குறித்துவரச் சொல்வது இதனால்தான். நல்ல உறக்கத்துக்கு இரவில் உடல் சற்றுக் குளிர வேண்டும். சுழற்சியின் பிற்பாதியில் அந்த இரவுக் குளிர்ச்சி குறைந்துவிடுகிறது. பூஜ்ஜியத்தை ஒட்டிய குளிரில் உறங்கும் நாட்டவருக்கு அரை டிகிரி பொருட்டாகாமல் போகலாம். அக்கினி நட்சத்திரக் காலத்தில், மின்விசிறி வெந்நீர் போன்ற காற்றை வீசும் திருச்சி வீட்டு மாடியறையில் உறங்குபவருக்கு அது பொருட்டுத்தான்.

கனவின் பக்கம் வருவோம். கண்மணிகள் மூடிய இமைக்குள் விரைந்து அசையும் ஒரு தனி வகை உறக்கம் உண்டு என்பதை 1953-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் அசெரின்ஸ்கியும் நத்தானியல் கிளைட்மனும் வெளியிட்டனர். ரெம் உறக்கம் என்று இப்போது எல்லோரும் அழைப்பது இதைத்தான். ஏறத்தாழ 90 நிமிடங்களுக்கு ஒருமுறை இது திரும்பி வருகிறது. ஒவ்வொரு முறையும் சற்று நீள்வதால், விடியலை ஒட்டிய நேரத்தில்தான் மிகுதியாக இருக்கும். அந்நிலையில் எழுப்பப்படுபவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நால்வர் கனவைச் சொல்கிறார்கள். மற்ற உறக்க நிலைகளிலும் கனவு வருவதுண்டு; ஆனால் அவற்றிலிருந்து எழுப்பினால் பாதிப் பேருக்கும் குறைவாகவே எதையாவது நினைவுகூர முடிகிறது.

நினைவுகூர்தல் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பிரான்சின் லியோன் நகரில் பெரின் ரூபி என்பவரின் குழு, கனவுகளை அடிக்கடி நினைவில் வைத்திருப்பவர்களையும் அரிதாகவே வைத்திருப்பவர்களையும் ஒப்பிட்டது. முதல் வகையினர் இரவில் உறங்கிய பின் விழித்திருந்த நேரம் சராசரியாக 30 நிமிடம். இரண்டாம் வகையினருக்கு 14 நிமிடம். உறங்கும் மூளை புதிய செய்திகளை நினைவில் பதிப்பதில் மிகவும் பின்தங்கியது. கனவு நடக்கும்போதோ முடிந்த உடனேயோ சிறிது விழிப்பு வந்தால்தான் அது பதியும். ஆகையால் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் உங்களுக்குக் கனவுகள் கூடுகின்றன என்பதைவிட, வழக்கமாக நழுவிப்போகும் கனவுகளை அந்நாட்களின் இடைவிழிப்புகள் பிடித்து வைக்கின்றன என்பதே பொருத்தமான விளக்கம்.

அவை ஏன் கலக்கம் தருபவையாக இருக்கின்றன என்பதற்கு விடை உங்கள் பகல் பொழுதுகளில் இருக்கிறது. கனவின் உணர்ச்சி பெரும்பாலும் விழிப்பின் உணர்ச்சியை ஒட்டியே செல்லும். எரிச்சலும் பதற்றமும் மிகுந்த நாட்களில் இரவு மட்டும் அமைதியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. தாமதமும் குழந்தையின் பாதுகாப்பும் உங்கள் அன்றாடக் கவலைகளாகவே இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். ஹார்மோன் அவற்றை உருவாக்கவில்லை.

ஒரு நோட்டுப் புத்தகத்தை மூன்று சுழற்சிகளுக்குக் கடைப்பிடித்துப் பாருங்கள். காலையில் கைப்பேசியைத் தொடுவதற்கு முன், இரவில் எத்தனை முறை விழித்தீர்கள், கனவு நினைவில் இருக்கிறதா, அதன் உணர்ச்சி என்ன என்று மூன்று வரி எழுதினால் போதும். கனவே நினைவில் இல்லாத காலைகளையும் தவறாமல் குறிக்க வேண்டும். பலரும் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கனவு வந்த நாட்களை மட்டும் எழுதி வைத்தால் எந்த நம்பிக்கையையும் அது மெய்ப்பித்துவிடும்.

நான் கோவையில் உளவியல் முதுகலை படிக்கிறேன். மாதவிடாயின்போது பெண்களுக்குச் சிவப்பு நிறம், தண்ணீர், குழந்தை, சண்டை ஆகியவை கனவில் மிகுதியாக வரும் என்று சமூக ஊடகங்களில் படங்களோடு பகிர்கிறார்கள். இவற்றுக்கு ஆய்வுச் சான்று உண்டா?
— கோவை மாணவி

ஆய்வுகள் உண்டு, அவை ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. இதன் வரலாறு சுவையானது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

ஹங்கேரியில் பிறந்து சிகாகோவில் குடியேறிய உளப்பகுப்பாய்வு மருத்துவர் தெரசா பெனடெக்கும், போரிஸ் ரூபன்ஸ்டைன் என்ற மருத்துவரும் 1939-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ரூபன்ஸ்டைன், யோனியிலிருந்து எடுத்த செல் மாதிரிகளையும் உடல் வெப்பத்தையும் கொண்டு ஒவ்வொரு பெண்ணும் சுழற்சியின் எந்தக் கட்டத்தில் இருக்கிறாள் என்று கணித்தார். பெனடெக், அதே பெண்களின் பகுப்பாய்வுக் குறிப்புகளையும் அவற்றில் இருந்த கனவுகளையும் மட்டும் படித்துத் தாமும் கணித்தார். பின்னர் இரண்டையும் வைத்துப் பார்த்தபோது வியக்கத்தக்க அளவில் பொருந்தின என்று அறிவித்தனர். ஈஸ்ட்ரோஜன் மேலோங்கும் நாட்களில் மனம் வெளிநோக்கியும், புரோஜெஸ்டிரோன் மேலோங்கும் நாட்களில் உள்நோக்கியும் திரும்புகிறது என்பது அவர்கள் முடிவு.

அக்காலத்துக்கு மிகத் துணிச்சலான முயற்சி என்பதில் ஐயமில்லை. இருப்பினும் அந்தப் பெண்கள் அனைவரும் சிகிச்சைக்கு வந்தவர்கள். கனவுகளை வாசித்த முறையோ ஒரு குறிப்பிட்ட கோட்பாட்டைச் சார்ந்தது. தேடுபவர் எதைத் தேடுகிறாரோ அதைக் கண்டெடுக்க ஏதுவான முறை அது. இன்று பகிரப்படும் படங்களில் காணும் ‘உள்நோக்கிய நாட்கள்’, ‘வெளிநோக்கிய நாட்கள்’ என்ற பிரிவினையில் இந்த எண்பது ஆண்டுக்கு மேற்பட்ட சிந்தனையின் சாயல் தெரிகிறது. பகிர்பவர்களுக்கு அது தெரிந்திருக்குமா என்பது வேறு.

ரெம் உறக்கம் கண்டறியப்பட்ட பின், கேள்வி கனவின் பொருளிலிருந்து அளவுக்கு மாறியது. எர்னஸ்ட் ஹார்ட்மன் 1966-இல் மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் கனவு உறக்கம் கூடுவதாக எழுதினார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1996-இல், சூரிக் பல்கலைக்கழகத்தில் ஹெலன் டிரைவரும் உடன் பணியாற்றியவர்களும் ஒரு முழுச் சுழற்சி நெடுக மூளை மின்னலைகளைப் பதிவு செய்தபோது, பிற்பாதியில் ரெம் உறக்கம் சிறிதளவு குறைவதையே கண்டனர். அவர்கள் கண்ட மிகத் தெளிவான மாற்றம் ரெம் உறக்கத்தில் இல்லை. ஆழமற்ற உறக்கத்தில் தோன்றும், நூல் நூற்கும் கதிரின் வடிவம் கொண்ட அலைத் தொகுப்புகள் பிற்பாதியில் வலுப்படுவதே அது. அதற்கு அலோபிரெக்னனலோன் காரணமாக இருக்கலாம் என்பது பொதுவான கருத்து. ஆக, கூடுகிறது என்று ஒருவரும் குறைகிறது என்று மற்றொருவரும் அளந்திருக்கிறார்கள். இரண்டிலும் பங்கேற்றவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவினரே என்பதை மறந்துவிடக் கூடாது.

உள்ளடக்கத்தைப் பற்றிய ஆய்வுகளின் நிலை இதைவிட நலிவானது. பலவற்றில் ஹார்மோனை அளக்காமல், நாட்காட்டியை வைத்தே கட்டத்தைத் தீர்மானித்திருக்கிறார்கள். முட்டை வெளிப்படாத சுழற்சிகளும் அதில் கலந்துவிடும். ஆய்வின் நோக்கம் தெரிந்த பெண், மாதவிடாய்க் கனவு என்றால் எப்படி இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்போடே நினைவுகூர்வதும் உண்டு. மாதவிடாய்க்கு முன்பு கனவுகள் தெளிவாகவும் விரும்பத்தகாதனவாகவும் ஆவதாகப் பல பெண்கள் சொல்வது மெய். சிவப்பு நிறம், தண்ணீர் என்று பட்டியல் போடும் அளவுக்குச் சான்று கிடையாது.

உங்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள் என்றால் இதையும் எண்ணிப் பாருங்கள். ஜெர்மனியின் மன்ஹைம் நகரைச் சேர்ந்த மைக்கேல் ஷ்ரெடல், பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, ஆண்களைவிடப் பெண்களுக்குத் தீக்கனவுகள், அதாவது அச்சுறுத்தும் கெட்ட கனவுகள், சற்று மிகுதி என்று 2011-இல் காட்டினார். அந்த வேறுபாடு சிறுவர் சிறுமியரிடம் இல்லை. பதின்ம வயதில் தலைகாட்டி, முதுமையில் மறைகிறது. இதைப் படித்தவுடன் ‘ஹார்மோன்தான்’ என்று முடிவுகட்டத் தோன்றும். ஆனால் அதே வயதில்தான் பெண்ணுக்கு மனச்சோர்வும் கூடுகிறது, தெருவிலும் வீட்டிலும் தொல்லைகளும் கூடுகின்றன, கனவை நினைவில் வைத்துப் பேசும் வழக்கமும் கூடுகிறது. எதற்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பதே கடினமான வேலை.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பார்கள். மாதவிலக்கு நாட்களில் விடியற்காலையில் பல் விழுவதாகக் கண்டேன். வீட்டில் பயப்படுகிறார்கள்.
— கும்பகோணம் வாசகி

ரெம் உறக்கம் விடியலில்தான் நீளமாக இருக்கும் என்று முன்பே எழுதினேன். அந்நேரக் கனவு நீண்டதாகவும் கோவையாகவும் இருக்கும். விழிக்கும் நேரமும் அதுவே என்பதால் நினைவிலும் நிற்கும். பலிப்பதாகத் தோன்றும் கனவுகள் பெரும்பாலும் விடியற்காலைக் கனவுகளாகவே இருப்பதில் வியப்பில்லை. நினைவில் இல்லாத நள்ளிரவுக் கனவு பலித்ததா இல்லையா என்று யார் சரிபார்ப்பது? பல் விழும் கனவு உலகெங்கும் மக்கள் சொல்வது. உறக்கத்தில் பல்லைக் கடிக்கும் பழக்கம் உண்டா என்று மட்டும் உங்கள் பல் மருத்துவரிடம் கேட்டுவையுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக் கடையில் வாங்கிப் போட்டேன். மாதவிடாய் தள்ளிப்போனது, ஆனால் வழக்கமாக அதற்கு முன்பு வரும் கெட்ட கனவுகள் வழக்கமான நாளிலேயே வந்தன. மாத்திரைதான் காரணமா? எனக்கு வயது 38.
— மதுரை வாசகி

நீங்கள் கவனித்திருப்பது நுட்பமான ஒன்று. நம் ஊரில் இதற்குப் பெரும்பாலும் தரப்படுவது நோரெதிஸ்டிரோன். எதிர்பார்க்கும் நாளுக்கு மூன்று நாட்களுக்கு முன்பே தொடங்கி, நாளொன்றுக்கு மூன்று வேளை எடுப்பது வழக்கம்; நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் உதிரப்போக்கு வந்துவிடும். இது புரோஜெஸ்டிரோனைப் போலக் கருப்பையின் உட்படலத்தைத் தாங்கிப் பிடிக்கும் செயற்கைப் பொருள். ஆனால் உடல் இதை அலோபிரெக்னனலோனாக மாற்றுவதில்லை. கருப்பை ஏமாறுகிறது, மூளை ஏமாறுவதில்லை. உங்கள் சினைப்பையிலிருந்து வரும் இயற்கைப் புரோஜெஸ்டிரோன் வழக்கமான நாளில் சரியத்தான் செய்யும். எனவே உதிரப்போக்கு வராவிட்டாலும், அதற்கு முந்தைய நாட்களின் உறக்கக் குலைவும் மனநிலையும் தம் நாளிலேயே வந்து போவதை எதிர்பார்க்கலாம்.

இதற்கு மாறாக, இயற்கைப் புரோஜெஸ்டிரோனையே நுண்துகளாக்கிச் செய்த மாத்திரைகளும் உண்டு. கருவைத் தாங்குவதற்காகவும் மாதவிடாய் நிற்கும் வயதிலும் அவற்றைத் தருகிறோம். அவை வாய்வழி சென்று கல்லீரலைக் கடக்கும்போது பெருமளவு அலோபிரெக்னனலோனாக மாறுவதால் தூக்கம் வரும். இரவில் படுக்கும் முன் எடுக்கச் சொல்வது இதனால்தான். இரண்டு மாத்திரைகளையும் ‘ஹார்மோன் மாத்திரை’ என்ற ஒரே பெயரில் அழைத்துக் குழப்பிக்கொள்கிறோம்.

மருந்துக் கடையில் கேட்டு வாங்கியதைப் பற்றிக் கண்டிப்பாக ஒன்று சொல்ல வேண்டும். கால் நாளங்களில் இரத்தம் உறைந்த வரலாறு, கல்லீரல் நோய், காரணம் தெரியாத உதிரப்போக்கு ஆகியவை உள்ளவர்களுக்கு நோரெதிஸ்டிரோன் ஆகாது. இந்த அளவில் எடுக்கும்போது அதன் ஒரு சிறு பகுதி உடலுக்குள் ஈஸ்ட்ரோஜன் வகைப் பொருளாகவும் மாறுகிறது. உங்கள் வயதில், புகை, உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கேட்டறியாமல் இதைத் தரக் கூடாது. எந்த நாளில் கோயிலுக்குப் போவது என்பதை உங்களுக்கு நான் சொல்லப்போவதில்லை. எந்த மாத்திரையைப் போடுவது என்பதை மட்டும் ஒரு மருத்துவர் சொல்லட்டும்.

என் மகளுக்குப் பதினான்கு வயது. பெரியவளாகி எட்டு மாதம் ஆகிறது. நடு இரவில் விழித்துக்கொண்டு, மார்பின் மேல் யாரோ உட்கார்ந்து அமுக்குவதாகவும், கை கால் அசைக்க முடியவில்லை என்றும், மூலையில் ஓர் உருவம் நின்றது என்றும் அழுகிறாள். என் மாமியார், ‘தீட்டுப்பட்ட நாளில் வெளியே போனாள், காத்துக்கருப்பு அண்டிவிட்டது’ என்று மந்திரிக்கச் சொல்கிறார். ஹார்மோன் கோளாறாக இருக்குமா அம்மா?
— புதுக்கோட்டை வாசகி

இது நம் ஊரில் ‘அமுக்குவான்’ என்று பெரியவர்கள் சொல்லிவந்த அதே அனுபவம். ரெம் உறக்கத்தின்போது, கண்ணையும் மூச்சுத்தசையையும் தவிர உடலின் பெரும்பாலான தசைகளை மூளை தளர்த்திக் கட்டிப்போடுகிறது. கனவில் ஓடுவதை நாம் கட்டிலில் ஓடாமல் இருக்க இது உதவுகிறது. சில வேளை நினைவு விழித்துவிடும், தசைகளின் கட்டு மட்டும் சில நொடிகளோ சில நிமிடங்களோ அவிழாமல் இருக்கும். பாதிக் கனவு அறைக்குள்ளேயே தொடரும். மார்பில் அழுத்தமும் மூலையில் உருவமும் உலகின் பல பகுதி மக்கள் ஒரேபோல் விவரிப்பவை. மல்லாந்து படுத்தல், உறக்கக் குறைவு, விடுமுறையில் நேரம் தவறித் தூங்குதல் ஆகியவை இதைத் தூண்டும். பதின்ம வயதில் இது தொடங்குவது இயல்பு.

ஹார்மோனைப் பழிப்பதற்கு இங்கே அவ்வளவு இடமில்லை. பூப்படைந்த முதல் ஓரிரு ஆண்டுகளில் பல சுழற்சிகளில் சினைமுட்டை வெளிப்படுவதே இல்லை. முட்டை வெளிப்படாவிட்டால் புரோஜெஸ்டிரோனும் உயராது, சரியவும் செய்யாது. திருச்சி வாசகிக்கு நான் எழுதிய விளக்கம் உங்கள் மகளுக்கு இன்னும் பொருந்தத் தொடங்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் மாமியாரோடு சண்டையிட வேண்டாம். பூப்படைந்த பெண்ணின் அருகில் வேப்பிலையும் இரும்பும் வைத்துக் காத்த தலைமுறை அது. அவர் பயப்படுவது பேத்திக்காகத்தான். திருநீறு பூசுவதால் கேடில்லை. ஆனால் ‘நீ வெளியே போனதால்தான் இப்படி’ என்ற சொல் மட்டும் அந்தக் குழந்தையின் காதில் விழக் கூடாது. பயத்தோடு படுப்பவளுக்கு இது இன்னும் அடிக்கடி வரும். ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள். வரும்போது ஒரு விரலையோ நாக்கையோ அசைக்க முயன்றால் கட்டு விரைவில் விடும் என்று பலர் சொல்கிறார்கள், அதையும் கற்றுக்கொடுங்கள். பகலில் வகுப்பறையில் அடக்க முடியாமல் தூங்கி விழுகிறாள் என்றாலோ, சிரிக்கும்போது முழங்கால் திடீரென்று தளர்கிறது என்றாலோ, நரம்பியல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

என் மனைவிக்கு வயது 34. மாதவிடாய்க்கு முந்தைய வாரத்தில் இரவில் அலறிக்கொண்டு எழுகிறாள். அந்த வாரம் முழுவதும் சிறு பேச்சுக்கும் அழுகை, கோபம். ‘நான் இருந்து என்ன பயன்’ என்கிறாள். மாதவிடாய் வந்ததும் ஆளே மாறிவிடுகிறாள். நான் என்ன செய்ய வேண்டும்?
— ஆவடி வாசகர்

கடைசியாக எழுதியிருப்பதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ‘இருந்து என்ன பயன்’ என்ற சொல்லை, மாதம் ஒருமுறை வந்து போவதுதானே என்று விடக் கூடாது. அந்த வாரத்தில் அவர் தனியாக இருக்க வேண்டாம். நேரே கேளுங்கள், கேட்பதால் எண்ணம் வளராது. அவசரமென்றால் மத்திய அரசின் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் எந்நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள்.

நீங்கள் விவரிப்பது மாதவிடாய்க்கு முந்தைய கடும் மனநிலைக் குலைவு என்ற நோயாக இருக்கக்கூடும். அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013-இல் இதைத் தனி நோயாகத் தன் கையேட்டில் சேர்த்தது. மாதவிடாய் வரும் வயதுடைய பெண்களில் நூற்றுக்குச் சிலருக்கே இது உண்டு. உறக்கக் கேடு அதன் அறிகுறிகளில் ஒன்று. இவர்களின் இரத்தத்தில் ஹார்மோன் அளவு மற்றப் பெண்களைப் போலவே இயல்பாக இருக்கும். அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்த பீட்டர் ஷ்மிட் குழுவினர் 1998-இல் இதை அழகாகக் காட்டினார்கள். மருந்தால் சினைப்பையின் சுரப்பை நிறுத்திவிட்டு, பின்னர் ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டிரோனையும் வெளியிலிருந்து கொடுத்தபோது, ஏற்கெனவே இத்தொல்லை இருந்த பெண்களுக்கு மட்டுமே அறிகுறிகள் திரும்பின. மற்றவர்களுக்கு அதே ஹார்மோன் அதே அளவில் எதையும் செய்யவில்லை. ஹார்மோன் பரிசோதனை செய்து ‘எல்லாம் நார்மல்’ என்று அறிக்கை வந்தால், அவர் நடிக்கிறார் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது.

அலறல் எந்நேரத்தில் வருகிறது என்று கவனியுங்கள். விடியலை ஒட்டி வந்து, எழுந்ததும் கனவை விரிவாகச் சொன்னால் அது தீக்கனவு. தூங்கிய முதல் இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் வந்து, கண் திறந்திருந்தும் உங்களை அடையாளம் தெரியாமல், காலையில் ஒன்றும் நினைவில்லை என்றால் அது வேறு; அப்போது உலுக்கி எழுப்பாமல், அடிபடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மருத்துவரிடம் போகும்போது அவர் எடுத்துவரும் எல்லா மருந்துகளின் பெயரையும் கொண்டு போங்கள். ஒற்றைத் தலைவலியைத் தடுக்கத் தரும் புரோபிரனலால், ஆஸ்துமாவுக்கும் ஒவ்வாமைக்கும் தரும் மாண்டிலூகாஸ்ட் ஆகியவை தீக்கனவுகளை வரவழைக்கக் கூடும். உதிரப்போக்கு மிகுதியா என்பதையும் சொல்லுங்கள். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் 2019–21 அறிக்கைப்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை இருக்கிறது. இரும்புச்சத்துக் குறைந்தால் இரவில் கால்களை அசைத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். உறக்கம் துண்டு துண்டாகும். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். வயிற்றுவலியால் விழிக்கிறார் என்றால் அதையும் மறைக்க வேண்டாம்: தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வில், மாதவிடாய் வலிக்கு டைக்ளோஃபெனாக் கொடுத்தபோது வலியோடு உறக்கமும் சீரானது.

கடும் மனநிலைக் குலைவுக்கு நல்ல மருந்துகள் உள்ளன. செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருளைச் சார்ந்த மனச்சோர்வு மருந்துகளைச் சுழற்சியின் பிற்பாதியில் மட்டும் எடுத்தாலே பலருக்குச் சில நாட்களில் பலன் தெரிகிறது. ஆனால் இம்மருந்துகளைத் திடீரென்று நிறுத்தினால் கனவுகள் கட்டுக்கடங்காமல் பெருகும் என்பதால், அளவையும் நாளையும் மனநல மருத்துவரே தீர்மானிக்க வேண்டும். ஒரே தீக்கனவு திரும்பத் திரும்ப வந்தால், மருந்தில்லாத ஒரு பயிற்சியும் உண்டு. பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அந்தக் கனவை எழுதி, அதன் போக்கைத் தாம் விரும்பியபடி மாற்றி எழுதி, மாற்றிய வடிவத்தைத் தினமும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது. பாலியல் வன்முறைக்கு ஆளாகித் தீக்கனவுகளால் துன்புற்ற பெண்களிடம் பாரி கிராக்கோவ் குழுவினர் இதைச் சோதித்து, 2001-இல் நல்ல பலன் கண்டதாக வெளியிட்டனர்.

உங்களிடம் கேட்டுக்கொள்வது இன்னும் ஒன்று. அவர் கோபப்படும்போது ‘அந்த நாள் வந்துவிட்டதா’ என்று கேட்காதீர்கள். அவர் சொல்லும் குறை உண்மையாகவே இருக்கலாம். மாதவிடாய் வந்த பின்னும் அந்தக் குறை அப்படியே இருக்கும்.

பெயரும் ஊரும் வேண்டாம். மாதவிடாய்க்கும் அடுத்த மாதவிடாய்க்கும் நடுவிலான நாட்களில் எனக்குப் பாலியல் கனவுகள் வருகின்றன. திருமணமாகாதவள். இது தவறா, நோயா?

இரண்டும் இல்லை. ரெம் உறக்கத்தின்போது ஆண்களுக்குக் குறி விறைப்பதைப் போலவே பெண்களுக்கும் பிறப்புறுப்பில் இரத்த ஓட்டம் கூடுகிறது. கனவில் என்ன காண்கிறோம் என்பதற்கும் இதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. சினைமுட்டை வெளிப்படும் நாட்களையொட்டிப் பாலுணர்வு சற்றுக் கூடுவதாகப் பல பெண்கள் உணர்கிறார்கள். உங்கள் நடு நாட்கள் அவையாக இருக்கலாம். திருமணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாடு மூளைக்குத் தெரியாது. விழித்ததும் ஈரமாக இருப்பதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அரிப்போ துர்நாற்றமோ நிறமாற்றமோ இருந்தால் மட்டும் பெண் மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள்.